நெவாடாவில் விசாரிக்க ஆளில்லை

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அண்ணை சாப்பாட்டு மேசையைத் துடைத்து, தன் நீலக் கோப்பை அதன் நடுவில் வைத்துவிட்டார். கோப்புக்குள் ஐம்பது தாளாவது இருக்கும். எல்லாம் அவர் வேலை செய்யும் இடத்துப் பிரின்டரில் யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்தவை. எல்லாமே ஓர் ஏரியைப் பற்றியவை. அமெரிக்காவில் நெவாடா என்றொரு பாலைவன மாநிலம் இருக்கிறது. அதன் எல்லையில் ஓடும் ஆற்றைத் தொண்ணூறு வருடங்களுக்கு முன் அணை கட்டி மறித்து, வெறும் கல்லுக்கும் மணலுக்கும் நடுவில் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள். மீட் ஏரி என்று பெயர். அந்த ஏரியில் மீன் பார்க்கிற உத்தியோகம் என்று சொல்கிற மிதுலனைத்தான் கட்டுவேன் என்று அண்ணையின் மகள் லக்‌ஷிகா ஒற்றைக் காலில் நிற்கிறாள். இன்றைக்குப் பெடியன் வீடியோவில் வருகிறான்.

"சுசி, நீ எனக்குப் பக்கத்தில இரு. கதைக்க வேண்டாம். முகத்தைப் பார்" என்றார் அண்ணை.

எங்கள் குடும்பத்தில் எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று பள்ளிக்கூடச் சமையலறையில், சம்பளத்துக்கு. மற்றது சம்பளம் இல்லாதது. சொந்தத்தில் யாருக்குக் கலியாணம் பேசினாலும் எதிர்ப்பக்கத்தைப் போனில் விசாரிப்பது நான்தான். பெண்குரல் என்றால் சனம் வாய் திறக்கும், அதுவும் என் குரல் என்றால் கதவையே திறந்துவிடும் என்று அண்ணை பெருமையாகச் சொல்வார். இதற்கென்று சில ஒழுங்குகள் இருக்கின்றன. சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. கோயில் திருவிழா, சேலைக்கடை விலாசம் என்று எதையாவது கேட்டுத் தொடங்க வேண்டும். பெடியன் எப்படி என்று கேட்டவுடன் "தங்கமான பிள்ளை" என்று பதில் வந்தால் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஒரு நொடி யோசித்துவிட்டுச் சொன்னால் எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. சம்பந்தப்பட்ட ஆளைத் தவிர உலகத்தில் யாரிடமும் கேட்கலாம். ஆளிடமே கேட்பது மரியாதை இல்லை, கேட்டாலும் உண்மை வராது.

இப்படி நான் ஒஸ்லோவிலும் மொன்றியலிலும் சிட்னியிலும் விசாரித்து முடித்திருக்கிறேன். ஆனால் நெவாடாவில் விசாரிக்க ஆளில்லை. அண்ணை ரொறன்ரோவுக்கும் நியூஜேர்சிக்கும் போன் எடுத்துக் கேட்டுவிட்டார். அந்த ஏரிக் கரையில் எங்கள் சனம் ஒரு குடும்பம்கூடக் கிடையாதாம். எங்கள் சனமே இல்லாத இடத்தில் ஒருவன் போய் ஏன் இருக்கிறான் என்பதுதான் அண்ணையின் முதல் சந்தேகம். அரை மணி நேரம் கார் ஓடினால் லாஸ் வேகாஸ் வரும் என்று வரைபடத்தில் கண்டது இரண்டாவது. "சூதாடுற ஊருக்குப் பக்கத்தில மீன் வளக்கிறாராம்" என்று வீட்டுக்குள் இரண்டு நாள் சொல்லிச் சொல்லி நடந்தார்.

மிதுலன் சுவிஸில், பாசலில் வளர்ந்தவன். தாய் தகப்பன் இப்போதும் அங்கேதான். ஏழு வருடங்களுக்கு முன் ஒரு வருடம் லண்டனில் படிக்க வந்தபோது லக்‌ஷிகாவைச் சந்தித்திருக்கிறான். அவள் இதை எங்களுக்குச் சொன்னது போன மாதம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் தாய் போன் எடுத்து முடிவு கேட்பார். முடிவு வேண்டாம் என்றிருந்தால் தான் போய்விடுவதாகவும், இந்த வீட்டுக்குத் திரும்பி வருவதில்லை என்றும் லக்‌ஷிகா சத்தம் போடாமல், தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயமில்லை. ஆறு வருடங்களுக்கு முன் அண்ணி செத்துப்போன பிறகு லண்டன் செவன் கிங்ஸில் இந்த வீட்டை வீடாக வைத்திருப்பது அவள்தான். அவளும் போனால் மிஞ்சுவது அண்ணையும் நானும், எங்களுக்கு நடுவில் ஒரு தொலைக்காட்சியும்.

சரியாக ஐந்து மணிக்கு மிதுலன் வந்தான். அங்கே காலை ஒன்பது. அகன்ற தொப்பி, வெயிலில் தோல் உரிந்த மூக்கு, பின்னால் கண் கூசும் வெளிச்சம்.

"வணக்கம் அங்கிள். வணக்கம் அன்ரி."

அண்ணை ஒரு தலையசைப்போடு வணக்கத்தை முடித்துக்கொண்டு முதல் தாளை எடுத்தார்.

"தம்பி, உந்த ஏரிக்கு அடியில ஒரு ஊர் இருந்ததாமே?"

"ஓம் அங்கிள். சென்ற் தோமஸ்."

"எப்ப தாண்டது?"

"ஆயிரத்தித் தொளாயிரத்தி முப்பத்தெட்டு."

அண்ணை பேனாவால் ஒரு சரி போட்டார். ஒருகாலத்தில் குரொய்டனில் அகதி விண்ணப்பத்துக்காக அதிகாரி அவரிடம் கேள்வி கேட்ட விதம் இதுதான். தனக்குத் தெரிந்ததையே கேட்பது, பத்து நிமிடம் கழித்து வேறு பக்கத்தால் வந்து திரும்பவும் கேட்பது. அதில் இரண்டு தரம் விழுந்து மூன்றாம் தரம் எழும்பியவர், அந்த வித்தையை மறக்காமல் வைத்திருக்கிறார். அந்த ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள், ஆறு எந்த மலையில் தொடங்குகிறது, அணைக்கு எத்தனை வருடம் பிடித்தது என்று கேட்டுக்கொண்டே போனார். பெடியன் அலுக்காமல் பதில் சொன்னான். பிறகு போனைத் திருப்பி ஏரியைக் காட்டினான். செம்மண் நிற மலைகள், அவற்றின் காலடியில் நம்ப முடியாத நீலத்தில் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் மலையைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டி.

"உது என்ன வெள்ளை?"

"தண்ணி நிண்ட அடையாளம் அங்கிள். தண்ணியில இருக்கிற கல்சியம் கல்லில படிஞ்சுபோச்சு. எண்பத்திமூண்டில அந்த மேல்கோடு வரைக்கும் தண்ணி நிண்டது. இப்ப அம்பது மீற்றர் இறங்கியிட்டுது. மலையில பனி குறைவு, எடுக்கிற தண்ணி கூட. வெயில் வேற குடிச்சிடும்."

"வத்திற ஏரி. அதுக்குள்ள மீன். மீனுக்கு ஒரு உத்தியோகத்தர்" என்று அண்ணை எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார்.

அது அவனுக்கும் கேட்டுவிட்டது போல. அவன் மீனைப் பற்றிச் சொன்னான். முதுகில் கூனல் உள்ள ஒரு மீனாம், அந்த ஆற்றிலும் அதன் கிளைகளிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லையாம். அணை வந்த பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள் இதன் குஞ்சுகளைத் தின்று முடித்துவிட்டன. அதனால் குஞ்சுகளை அள்ளித் தனிக் குளங்களில் வளர்த்து, கடிபட்டாலும் தப்புகிற அளவுக்குப் பெரிதானதும், உடம்புக்குள் அரிசிமணி அளவில் ஓர் அடையாள மின்சில்லை வைத்து ஏரியில் விடுவார்களாம். "நாப்பது வருசத்துக்கு மேலயும் இருக்கும் அன்ரி" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். சொல்லும்போது அவன் முகம் நன்றாக இருந்தது. முகம் நன்றாக இருப்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. "மித்து! மித்து!" என்று ஒரு சின்னப் பெண்பிள்ளையின் குரல், கூடவே ஒரு பெண்ணின் சிரிப்பு. திரை சட்டென்று ஆடியது. மலை, வானம், மறுபடியும் மலை.

"அங்க பாருங்கோ அங்கிள், மலை ஆடு! வளைஞ்ச கொம்பு தெரியுதோ?"

உண்மையாகவே ஓர் ஆடு பாறையில் நின்றது. அண்ணை கண்ணாடியைத் தூக்கி ஆட்டைப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்க்கவில்லை. கேட்பதுதான் என் தொழில். ஒரு கை ஒலிவாங்கியைப் பொத்துகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

போன் வைத்த பிறகு அண்ணை கோப்பை மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரியாத்தான் சொல்லுறான். அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை."

"ஒரு பிள்ளையின்ர சத்தம் கேட்டது" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். பழக்கதோஷம்.

அண்ணையின் முகம் கிட்டத்தட்ட மலர்ந்தது. "பாசலில விசாரி" என்றார்.

மறுநாள் வேலைக்குப் போகும்போது கோப்பிலிருந்து நாலைந்து தாள்களை எடுத்துக்கொண்டு போனேன். 86ஆம் நம்பர் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து வாசித்தேன். தண்ணீர் வருகிறது என்று வருடக்கணக்காக அந்த ஊர்ச் சனத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாலைவனத்தில் ஏரி நிறையும் என்று பலர் நம்பவில்லை. புதைத்தவர்களைத் தோண்டி எடுத்து மேட்டு நிலத்தில் மறுபடி புதைத்தார்கள். கடைசியாகப் போன மனிதர் தண்ணீர் வாசலுக்கு வந்த அன்று தன் வீட்டுக்குத் தானே தீ வைத்துவிட்டுப் படகேறிப் போனாராம். அவர் என்னத்தை மறைக்கத் தீ வைத்தாரோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. என் புத்தி அப்படித்தான் போகும்.

இப்போது தண்ணீர் இறங்க இறங்க அந்த ஊர் வெளியே வந்துவிட்டது. ஒரு படத்தில் சீமெந்துப் படிகள் நாலைந்து, ஏறிப் போக வீடில்லை. இன்னொன்றில் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் வரிசையாக நின்றன. காய்ந்த சேற்றில் ஊரவர் யாரும் நடாத ஒரு பற்றை ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. ஏதோ தூரதேசத்திலிருந்து நிழலுக்கும் காற்றுக்கும் என்று கொண்டுவந்து வைத்த செடி ஆற்றங்கரை முழுவதையும் பிடித்துவிட்டதாம். மட்டிச் சிப்பிகள் எல்லாவற்றிலும் அப்பியிருந்தன. அண்ணை சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தது இவை எதற்கும் அல்ல. தண்ணீர் குறைந்தபோது ஒரு பீப்பாய்க்குள் யாரோ ஒருவரின் எலும்பு கிடைத்த செய்திக்குத்தான் கோடு. பக்கத்தில் 'கவனிக்க' என்று எழுதியிருந்தார். நாற்பது வருடங்களுக்கு முந்திய கொலையாம், அப்போது மிதுலன் பிறக்கவே இல்லை. ஆனாலும் கவனிக்க.

புதன்கிழமை பின்னேரம் என் சின்ன அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பாசலுக்கு எடுத்தேன். பியற்றிஸ் அக்காவின் நம்பரை, லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் இருக்கிற ஒரு சிநேகிதி தந்திருந்தாள். அந்த ஊரில் எந்த வீட்டில் எந்த நேரம் அடுப்பு எரிகிறது என்பதுவரை அவருக்குத் தெரியும் என்று சொன்னாள். நான் லண்டனில் மிச்சம் என்ற இடத்திலிருந்து குமுதா கதைக்கிறேன், என் மகளுக்கு மிதுலனைச் சிலர் சொன்னார்கள் என்று பொய்ப்பெயரில் தொடங்கினேன்.

"தாய் தேப்பன் தங்கமான சனம்" என்றார் உடனே. நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

"பெடியன் என்ன மாதிரி அக்கா?"

மறுமுனையில் ஓர் இடைவெளி. எனக்குக் காது கூர்மையாகியது.

"நல்ல பெடியன்தான் தங்கச்சி. ஆனா ஒண்டு சொல்லவேணும். அங்க ஒரு பொம்பிளையோட ஒரே வீட்டில இருக்கிறான். எங்கட ஆள் இல்லை. அவளுக்கு ஒரு குழந்தையும் இருக்கு. என்ர மகள் போன வருசம் அமெரிக்கா சுத்தப் போகேக்க அந்த வீட்டில நிண்டவள், கண்ணால கண்டவள். தாய் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை."

எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது என்பதை மறைத்து என்ன பயன்? என் காது தவறவில்லை. அண்ணையின் முகம் எப்படி மலரும் என்று யோசித்தேன். அதன் பிறகுதான் லக்‌ஷிகாவை நினைத்தேன். இந்த ஒழுங்கில் நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"ஆனா உதைக் கேட்டிட்டு உடன வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ" என்றார் பியற்றிஸ் அக்கா. "ஒரு வீட்டில இருக்கிறதெல்லாம் ஒரு குடும்பமில்லை. உப்பிடி அவசரப்பட்டு ஒரு பிள்ளையின்ர வாழ்க்கை போனதை நான் கண்டனான். நாங்கள் முந்தி ஜேர்மனியில, ஸ்ருட்காட்டில இருந்தனாங்கள். அகதிகளை வைச்சிருந்த ஹைமில எங்கட மாடியில புவனேசன் எண்டொரு பெடியன். லண்டனில ஒரு பிள்ளையைப் பேசி முற்றாகியிட்டுது. பிள்ளையின்ர தமையன் ஆரையோ அனுப்பி விசாரிச்சவர். வந்தவன் ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை. கதவில ஒட்டியிருந்த பேரைப் பாத்திட்டுப் போயிட்டான். கதவில புவனேசன்ர பேரும் ஒரு பொம்பிளையின்ர பேரும் ரெண்டு பிள்ளையளின்ர பேரும் இருந்தது. இடமில்லாமல் ஹைம்காரர் ஒரு வீட்டை நடுவில தடுத்து ரெண்டு பகுதிக்குக் குடுத்திருந்தவங்கள். அந்தப் பொம்பிளையின்ர புருசன் மொஸ்கோவில நிண்டவர், அடுத்த வருசம் வந்து சேந்திட்டார். ஆனா கலியாணம் குழம்பினது குழம்பினதுதான்."

சுவரில் சாய்ந்து நின்றேன். போன் காதோடு ஒட்டிக்கொண்டது.

"தமையனுக்கு... உண்மை தெரியாதோ?" என்று குமுதா கேட்டாள். என் குரல்தான், ஆனால் மிச்சம் என்ற இடத்தில் இருக்கிற அந்த இல்லாத குமுதா கேட்பது போலத்தான் இருந்தது.

"தெரியாமல் என்ன? என்ர மனுசன்தான் ஆறு மாசம் கழிச்சுப் போன் எடுத்து விளக்கமாச் சொன்னவர். புவனேசன் அதுக்குப் பிறகும் ரெண்டு வருசம் ஒண்டும் கட்டாமல் இருந்தவன். லண்டனில இருந்து ஒரு சத்தமும் இல்லை. வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பிப் போக வெக்கம் போல. அந்தத் தமையன் இப்பவும் உங்கதான், செவன் கிங்ஸில. நவரத்தினம் எண்டு. தங்கச்சியை இன்னும் தன்னோடதான் வைச்சிருக்கிறாராம். அந்தப் பிள்ளையின்ர பேர் வருகுதில்லை..."

"பாவம்" என்றேன்.

"பாவம்தான். இப்ப அறுவதாகப் போகுது."

ஐம்பத்தெட்டு என்று சொல்ல வாய் வந்தது. குமுதாவுக்கு அது எப்படித் தெரியும்? நன்றி சொல்லி வைத்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. தொண்ணூற்றைந்தில் அண்ணை சமையலறை வாசலில் நின்று, "சுசி, அது சரிவராது. அவனுக்கு அங்க ஒருத்தி இருக்கிறாள்" என்று சொன்னதும், நான் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல் "சரி அண்ணை" என்று சொன்னதும் அப்படியே முன்னால் வந்து நின்றன. புவனேசனின் படத்துக்குப் பின்னால் அவன் போன் நம்பர் இருந்தது. ஹை ரோட்டில் தொலைபேசிக் கூண்டும் இருந்தது. ஒரு வாரம் அந்தக் கூண்டைக் கடந்து வேலைக்குப் போய் வந்தேன். ஒரு நாள் உள்ளேயும் போனேன். ஆனால் எடுக்கவில்லை. ஆளிடமே கேட்பது மரியாதை இல்லை, கேட்டாலும் உண்மை வராது. பிறகு எனக்கு இரண்டு பேச்சுகள் வந்தன. இரண்டுக்கும் நானே விசாரித்து, நானே குறை கண்டுபிடித்து, நானே வேண்டாம் என்று சொன்னேன். அண்ணை வற்புறுத்தவில்லை. அது என் மேலுள்ள பாசம் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

வியாழன் முழுவதும் அண்ணை "என்னவாம், என்னவாம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாசலில் ஆள் எடுக்கவில்லை என்று பொய் சொன்னேன். அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பார்த்தால் கேட்டுவிடுவேன். கேட்டால் லக்‌ஷிகாவின் காரியம் என் காரியத்தோடு சேர்ந்து நாசமாகும். ஒரு வார்த்தையில் நான் இந்தக் கலியாணத்தை நிறுத்தலாம். ஒரு பொய்யில் நடத்தியும் வைக்கலாம். இரண்டும் எனக்கு வேண்டாம் என்றால் மூன்றாவது வழி ஒன்றுதான் இருந்தது, அதை என் வாழ்நாளில் நான் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேரே செவன் கிங்ஸ் பூங்காவுக்குப் போனேன். ஏரி என்று சொல்ல முடியாத ஒரு குளம் அங்கே இருக்கிறது. அதன் பக்கத்தில் இருந்த மரவாங்கில் உட்கார்ந்து, கோப்பிலிருந்து எழுதி வந்த நம்பருக்கு எடுத்தேன். அங்கே காலை எட்டு மணி.

"தம்பி, நான் லக்‌ஷிகாவின்ர மாமி கதைக்கிறன். சுசிலா." சொந்தப் பெயரைச் சொல்லி ஒரு விசாரணையைத் தொடங்கியது அதுதான் முதல் தடவை. நாக்குத் தடக்கியது.

"அன்ரி? லக்‌ஷிக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

நல்ல கேள்வி. குறித்துக்கொண்டேன்.

"அவள் சுகமா இருக்கிறாள். அண்டைக்கு ஒரு பிள்ளை உம்மைக் கூப்பிட்டது. நீர் உடன ஆட்டைக் காட்டினீர். ஏன்?"

காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. நான் எண்ணினேன். நாலு நொடி.

"அது கார்மனின்ர மகள் அன்ரி. கார்மன் என்னோட வேலை செய்யிறவ. ரெண்டு பேரும் சேந்து ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறம். அவவும் மகளும் கீழ, நான் மேல. வேற ஒண்டும் இல்லை."

"வேற ஒண்டும் இல்லையெண்டால் ஏன் ஒளிச்சனீர்?"

"அம்மா சொன்னவ. லண்டன் ஆக்கள் கண்டால் கலியாணம் நிண்டிடும், தேப்பன் ஒரு மாதிரியான ஆள் எண்டு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி."

"லக்‌ஷிகாவுக்குத் தெரியுமோ?"

"எப்பவோ தெரியும். கார்மனோட போனில கதைக்கிறவ. அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னதே அவதான்."

ஆக, எங்களைச் சுற்றி எல்லோரும் சேர்ந்து ஒளித்திருக்கிறார்கள். ஒளிக்க ஏதோ இருந்ததால் ஒளித்தார்களா, நாங்கள் தேடுவோம் என்பதால் ஒளித்தார்களா? எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. பதில் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது, அதுவே கொஞ்சம் உறுத்தியது.

"உங்கட வீட்டுத் தபால் பெட்டியில ஆற்ற பேர் இருக்கு?"

"தபால் பெட்டியிலயோ?" அவன் குழம்பிப்போனான். "ரெண்டு பேற்ற பேரும் இருக்கு அன்ரி. ஏன்?"

"சும்மா" என்றேன்.

வலை தூக்கப் போக வேண்டும் என்றான். போகிற அவசரத்திலும், அன்று விடியற்காலை வலையில் வந்த மீனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை அவனுக்கு. இருபது வருடங்களுக்கு முன் அடையாளம் வைத்து விட்ட மீனாம். இடையில் ஒரு தரம்கூட யார் கையிலும் அகப்படவில்லையாம்.

"நாங்கள் செத்துப்போச்செண்டு எழுதி வைச்சிருந்தம் அன்ரி."

"பிடிச்சு என்ன செய்தனீங்கள்?"

"நிறுத்துப் பாத்தம். திரும்ப விட்டிட்டம்."

அவனை நம்பினேன் என்று சொல்லமாட்டேன். நம்புவதற்கு எனக்குப் பழக்கம் போதாது. ஆனால் கேட்டேன், அவன் சொன்னான். போனை வைத்துவிட்டு அந்த வாங்கில் இருந்து கொஞ்சம் அழுதேன். நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு மனிதர் சுகமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை லக்‌ஷிகாவுக்கு பார்மசியில் ஷிப்ட். அண்ணை பின்னேரம் நாலு மணிக்கு மேசையில் கோப்பை விரித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்குத் தாய் போன் எடுக்கப் போறா. பாசலில என்ன சொன்னவை?"

அவருக்கு எதிரே இருந்தேன். வழக்கமாகப் பக்கத்தில் இருப்பேன்.

"ஒரு பொம்பிளையோட ஒரே வீட்டில இருக்கிறானாம். அவளுக்கு ஒரு பிள்ளையும் இருக்காம்."

"பாத்தியோ!" அண்ணை மேசையில் தட்டினார். "நான் சொன்னனான் எல்லே!"

"அவனிட்டக் கேட்டனான். சேந்து வாடகைக்கு இருக்கிறமெண்டு சொன்னவன்."

"ஆரிட்ட?"

"அவனிட்ட. மிதுலனிட்ட."

அண்ணைக்கு அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டபோதுகூட முகம் இப்படி மாறவில்லை. "ஆளிட்டயே கேட்டனியோ? உனக்கென்ன விசரோ சுசி? அவன் ஓமெண்டு சொல்லுவானோ?"

"பாசலில பியற்றிஸ் அக்கா இன்னொரு கதையும் சொன்னவ. அவ முந்தி ஸ்ருட்காட்டில இருந்தவவாம்."

அவர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். மூலைகள் சேரவில்லை. தட்டித் தட்டிச் சேர்த்தார்.

"நான் உனக்கு என்ன குறை வைச்சனான்?" என்றார் கடைசியில்.

"குறை கேக்கேல்லை அண்ணை. எப்ப தெரியும் எண்டு கேக்கிறன்."

"தொண்ணூத்தாறு மாசி" என்றார். யோசிக்காமல் சொன்னார். மாதத்தோடு நினைவு வைத்திருந்தார். "பதினோராந் திகதி. ஞாயிற்றுக்கிழமை. நீ கோயிலுக்குப் போயிருந்தனி. அவர் எடுத்துச் சொன்னவர். நீ வந்த உடன சொல்லுவமெண்டுதான் இருந்தனான். பிறகு அடுத்த கிழமை சொல்லுவமெண்டு..." கையை விரித்தார். "கதவில அவளின்ர பேரும் இருந்தது உண்மைதானே சுசி."

"உண்மைதான்."

"நீயும் ஒரு நாளும் என்னட்டக் கேக்கேல்லை."

அதுவும் உண்மைதான். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்து, உலகத்தில் எல்லோரையும் பற்றி எல்லோரிடமும் கேட்ட நான், இவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. இவர் கண்ணில் ஏதோ இருப்பது எனக்கு அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கும். தெரிந்துதான் கேட்காமல் விட்டேனோ என்னவோ. அதற்காக என் கோபம் ஒரு துளியும் குறையவில்லை.

என் போனை எடுத்து மிதுலனின் பெயரைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்களே கேளுங்கோ."

"அவனிட்டயோ?"

"ஓம். வீட்டில ஆர் இருக்கினம் எண்டு கேளுங்கோ. பிடிக்காட்டில் வேண்டாமெண்டும் அவனிட்டயே சொல்லுங்கோ. நான் இனி ஒருத்தருக்கும் போன் எடுக்கமாட்டன்."

"என்ன கேக்கிறது நான்?" என்றார். கோப்பைப் பார்த்தார். அதில் அவருக்கு வேண்டிய தாள் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் எழும்பிப் போகப் போகிறேன் என்று பயந்தாரோ என்னவோ, சட்டென்று விரலை நீட்டி வீடியோக் குறியை அழுத்தினார்.

மணி போகத் தொடங்கியது. மறுபக்கத்து ஆள் வரும்வரை திரையில் தெரிவது போன் போடுகிறவரின் சொந்த முகம்தான். அண்ணைக்கு அது தெரியாது, இவ்வளவு நாளும் யாராவது போட்டுத்தான் அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, திரை நிறைய இருந்த அந்தச் சவரம் செய்யாத, நரைத்த கிழவனை, ஏதோ தெரியாத வீட்டு ஆளைப் பார்ப்பது போல நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார். கிழவனும் அதே சந்தேகத்தோடு அவரைத் திரும்பிப் பார்த்தான். மணி போய்க்கொண்டிருந்தது.